வகுப்பறையில் செல்போன்: டீச்சர் பதில்கள்

செல்போனை வைத்துப் பாடம் நடத்துவது பற்றிக் கேள்வி அனுப்பலாம் என்று இரண்டு இதழ்களுக்கு முன்னால் ஆசிரியர் குழு ஒரு பெட்டிச் செய்தி போட்டது. கட்டு கட்டாகக் கடிதம் வந்திருக்கிறது. பாதி வாழ்த்து, கால்வாசி திட்டு. மீதியில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

புதிதாகப் படிப்பவர்களுக்காக என்னைப் பற்றி இரண்டு வரி. புதுக்கோட்டை மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் டீச்சர். 26 வருட சர்வீஸ். கணக்கு சார் மாறுதலில் போய், அடுத்த ஆள் வராத இரண்டு வருடம் கணக்கும் நான்தான் எடுத்தேன். கையில் இருப்பது ஐந்து வருடப் பழைய போன். திரையில் ஒரு மூலை விரிசல்.

*

"என் வகுப்பில் 38 பிள்ளைகள். போன் என்னிடம் மட்டும்தான். யூடியூபில் இதயம் துடிக்கிற வீடியோவைத் தூக்கிக் காட்டினால் முதல் பெஞ்சுக்கு மட்டும்தான் தெரிகிறது. ஒரே போனை வைத்து என்னதான் செய்ய முடியும் டீச்சர்?"
— நடுநிலைப் பள்ளி ஆசிரியை, அறந்தாங்கி

நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். போனைத் தூக்கிக்கொண்டு பெஞ்சு பெஞ்சாக நடந்தேன். தீபாராதனைத் தட்டு வருகிற மாதிரி ஆளுக்கு மூன்று விநாடி. கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறைதான். கடைசி பெஞ்சுக்குப் போய்ச் சேர்வதற்குள் முதல் பெஞ்சில் சண்டை ஆரம்பித்துவிட்டது.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. ஆறு அங்குலத் திரையை 38 பேர் பார்க்க முடியாது. ஆனால் அந்தப் போனின் கேமரா 38 பேரையும் ஒரே நேரத்தில் பார்க்கும். அதற்கென்றே பிளிக்கர்ஸ் என்று ஒரு செயலி இருக்கிறது. அவர்களுடைய தளத்திலேயே 40 அட்டைகள் கொண்ட தொகுப்பு இலவசமாகக் கிடைக்கும். ஜெராக்ஸ் கடையில் எடுத்து, கெட்டி அட்டையில் ஒட்டிக்கொண்டால் போதும். ஒவ்வோர் அட்டையிலும் ஒரு கறுப்புச் சதுரக் கோலம். ஒவ்வொரு பிள்ளைக்கும் வேறு வேறு கோலம். நான்கு ஓரத்திலும் ஏ, பி, சி, டி என்று பொடி எழுத்தில் இருக்கும். கேள்வியைக் கரும்பலகையில் எழுதுங்கள். எது விடையோ அந்த எழுத்து மேலே வருகிற மாதிரி அட்டையைத் திருப்பிப் பிடிக்கச் சொல்லுங்கள். நீங்கள் கேமராவை இடமிருந்து வலமாக ஒரு தடவை மெதுவாக ஓட்டினால் போதும். யார் சரி, யார் தப்பு என்று திரையில் பெயரோடு வந்துவிடும். பக்கத்துப் பிள்ளையின் அட்டையைப் பார்த்துக் காப்பியடிக்கவும் முடியாது, ஏனென்றால் அவன் கோலம் வேறு. பளபளவென்று லேமினேஷன் மட்டும் செய்துவிடாதீர்கள். வெளிச்சம் பட்டுக் கேமரா திணறும். நான் 340 ரூபாய்க்கு லேமினேஷன் செய்துவிட்டுத்தான் இதைத் தெரிந்துகொண்டேன்.

இதில் எனக்குக் கிடைத்த அடியையும் சொல்லிவிடுகிறேன். நிறையும் எடையும் பாடம் நடத்தி முடித்த மறுநாள், "ஒரு கல்லை நிலவுக்குக் கொண்டுபோனால் அதன் நிறை என்ன ஆகும்?" என்று கேட்டேன். முந்தின நாள் "புரிஞ்சுதா?" என்றதற்கு மொத்த வகுப்பும் "புரிஞ்சுது டீச்சர்" என்று ராகம் பாடியிருந்தது. இப்போது 34 பேரில் 21 பேர் 'குறையும்' என்று அட்டையைப் பிடித்திருந்தார்கள். எடைதான் ஆறில் ஒரு பங்காகும், நிறை அப்படியேதான் இருக்கும். அன்று புதுப் பாடத்தை ஒத்திப்போட்டேன். அதிலிருந்து "புரிஞ்சுதா" என்று நான் கேட்பதே இல்லை.

இன்னொன்று. என் தம்பி செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். வீணாய்ப் போன டிவிடி பிளேயரில் லேசருக்கு முன்னால் மிளகு அளவில் ஒரு லென்ஸ் இருக்கும். அதைக் கழற்றிக் கொடுத்தான். போன் கேமராவின் மேல் செல்லோடேப்பால் ஒட்டினால் சின்ன மைக்ராஸ்கோப் தயார். வெங்காயத்தின் உள் மடிப்பில் உள்ள மெல்லிய தோலை உரித்து, கண்ணாடித் தகட்டில் வைத்து, ஒரு சொட்டு டிஞ்சர் அயோடின் விட்டு, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தோம். செங்கல் அடுக்கிய மாதிரி வரிசை வரிசையாக அறைகள். படம் பிடித்து வைத்துக்கொண்டு, ஆறு ஆறு பேராக வந்து பார்த்து வரைந்தார்கள். "டீச்சர், செல்லுல செல்லைப் பாத்தாச்சு" என்றான் ஒருவன். பாடப்புத்தகத்துச் செல்லுக்கும் அவன் அப்பா பையிலிருக்கும் செல்லுக்கும் ஒரே பெயர் என்பது 26 வருடத்தில் எனக்குத் தோன்றவே இல்லை.

*

"நான் ஆட்டோ ஓட்டுகிறேன். வீட்டில் இருப்பது ஒரே போன், அது என்னோடுதான் இருக்கும். ஆறாவது படிக்கும் மகளின் பள்ளியில் வீட்டுப்பாடம் எல்லாம் வாட்ஸ்அப் குரூப்பில்தான் வருகிறது. நான் வீட்டுக்குப் போக ராத்திரி ஒன்பதாகும். பிள்ளை தூக்கக் கலக்கத்தோடு காத்திருந்து எழுதுகிறது. சில நாள் அழுதுகொண்டே தூங்கிவிடுகிறது. இது சரியா டீச்சரம்மா?"
— ஒரு தகப்பன், மணப்பாறை

சரியில்லை அண்ணே. உங்கள் மகள் மேல் ஒரு தப்பும் இல்லை, உங்கள் மேலும் இல்லை.

இந்தப் பழக்கம் கொரோனாவில் வந்தது. 2020 மார்ச்சில் பள்ளியை மூடினார்கள். ஒன்று முதல் எட்டு வரையிலான பிள்ளைகள் திரும்பி வந்தது 2021 நவம்பர் 1. இடையில் 19 மாதத்துக்கு மேல் எங்களுக்கும் வேறு வழி தெரியவில்லை, கையில் கிடைத்தது வாட்ஸ்அப். நான் செய்த கூத்தைக் கேளுங்கள். ஒளி விலகல் பாடத்தை 40 நிமிஷம் பேசி, ஒரே வீடியோவாக எடுத்து, பெருமையாக அனுப்பினேன். மறுவாரம் ஒரு பையனின் அம்மா வாசலில் வந்து நின்றார். "டீச்சர், உங்க ஒரு பாடத்துக்கே அன்னைக்கு நெட்டு தீந்துபோச்சு. அவுக அப்பா வெளிநாட்டுலேருந்து கூப்பிட்டாக, பேச முடியல" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. அடுத்த நாளிலிருந்து ஒரு நிமிஷத்துக்குள் குரல் பதிவு, கூடவே நோட்டில் எழுதி எடுத்த ஒரு போட்டோ. அவ்வளவுதான். அதற்கே பதில் எழுதி அனுப்பிய பிள்ளைகள் கூடினார்கள்.

கொரோனா போய்விட்டது, குரூப் மட்டும் போகவில்லை. பிள்ளை ஆறு மணி நேரம் எதிரிலேயே உட்கார்ந்திருக்கும்போது கரும்பலகையில் இரண்டு வரி எழுதிப்போட்டு நோட்டில் எழுதிக்கொள்ளச் சொல்ல என்ன தடை? இன்னொன்று, வாட்ஸ்அப்பில் சொந்தமாகக் கணக்கு வைத்துக்கொள்ளவே 13 வயது ஆகியிருக்க வேண்டும் என்பது அந்தக் கம்பெனியின் விதி. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு 11. ஆக அந்தக் குரூப் பெற்றோருக்கான அறிவிப்புப் பலகை. நாளை லீவு, ஊசி போட வருகிறார்கள், கூட்டம் பத்து மணிக்கு என்பது மாதிரியான செய்திக்கு அது போதும். அட்மின் மட்டும் அனுப்பும்படி மாற்றிவிட்டால் காலை வணக்கப் பூக்களும் ஒழியும்.

நீங்கள் தனியாகப் போய்ச் சொல்லத் தயங்கினால், பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் எழுந்து சொல்லுங்கள். "எங்கள் வீட்டில் ஒரே போன்" என்று நீங்கள் ஆரம்பித்தால் பின்னால் நான்கு கை தூக்கும். பாருங்கள்.

*

"ஒலியின் திசைவேகம் பாடத்தைப் போனை வைத்து நடத்தலாம் என்று பயிற்சியில் சொன்னார்கள். எப்படி என்று யாரும் செய்து காட்டவில்லை. நீங்கள் செய்திருக்கிறீர்களா?"
— இயற்பியல் ஆசிரியர், சங்கரன்கோவில்

இந்தக் கடிதத்தை எடுத்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். மூன்று வருடமாக இதைச் செய்துவருகிறேன். ஒவ்வொரு வருடமும் முதல் தடவை மாதிரியே இருக்கிறது.

ஃபைஃபாக்ஸ் என்று ஒரு செயலி. ஜெர்மனியில் ஆகென் நகரத்துத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் செய்தது, 2016இல் வெளிவந்தது, இலவசம். போனுக்குள் ஏற்கெனவே இருக்கிற மைக், காந்தப்புல உணரி, முடுக்க உணரி எல்லாவற்றையும் ஆய்வகக் கருவியாக மாற்றிவிடும். அதில் ஒலியால் ஓடும் ஸ்டாப்வாட்ச் ஒன்று இருக்கிறது. ஒரு சத்தம் கேட்டால் ஓட ஆரம்பிக்கும், அடுத்த சத்தத்துக்கு நிற்கும்.

இதற்கு இரண்டு போன் வேண்டும். பக்கத்து வகுப்பு சாரிடம் ஒன்று கடன் வாங்குங்கள். மைதானத்தில் நாடாவால் அளந்து 10 மீட்டர் இடைவெளியில் இரண்டு போனையும் தரையில் வையுங்கள். போனுக்கு ஒரு பிள்ளை, கையில் இரண்டு மரக்கட்டை. முதலில் ஒன்றாம் போன் பக்கத்தில் இருக்கும் பிள்ளை கட்டையைத் தட்ட வேண்டும். அந்தப் போன் உடனே ஓட ஆரம்பிக்கும். சத்தம் பத்து மீட்டர் நடந்துபோய்ச் சேர்ந்த பிறகுதான் இரண்டாம் போன் ஓடும். இப்போது இரண்டாம் போனுக்குப் பக்கத்தில் இருக்கும் பிள்ளை தட்ட வேண்டும். அது உடனே நிற்கும். சத்தம் திரும்பி வந்த பிறகு ஒன்றாம் போன் நிற்கும். ஆக ஒன்றாம் போன் கூடுதலாக ஓடிய நேரம்தான் சத்தம் 20 மீட்டர் போன நேரம். பிள்ளை எவ்வளவு தாமதித்துத் தட்டினாலும் கவலை இல்லை, அது இரண்டு போனிலும் ஒரே மாதிரி கழிந்துவிடும். அதுதான் இதில் அழகு.

எங்களுக்கு முதல் தடவை வந்த வித்தியாசம் 0.058 விநாடி, அதாவது ஏறக்குறைய 345 மீட்டர். அடுத்தது 0.056, அப்போது 357. மூன்றாவது 0.057, 351 மீட்டர். சராசரி 351. அன்றைக்கு வெயில் 33 டிகிரி. 331உடன் வெப்பநிலையை 0.6ஆல் பெருக்கிக் கூட்டுவோம் இல்லையா, அந்தக் கணக்குப்படி 350.8 வரவேண்டும். கரும்பலகையில் அதைப் போட்டுக் காட்டியபோது ஒரு பெண் பிள்ளை, "அப்ப புத்தகத்துல இருக்கிறது நெசந்தானா டீச்சர்?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வது? 26 வருடமாகப் புத்தகத்தில் இருப்பதெல்லாம் நிஜம் என்று இவர்கள் நம்பியிருப்பார்கள் என்று நான்தான் தப்பாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

எச்சரிக்கை மூன்று. காற்று பலமாக அடிக்கும் நாளில் வேண்டாம், மைக்கில் காற்றே சத்தமாக விழும். எவ்வளவு சத்தத்துக்கு வாட்ச் அசைய வேண்டும் என்ற அளவை முதலிலேயே கூட்டி வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் பள்ளிக்குப் பக்கத்தில் டவுன்பஸ் நிறுத்தம். பஸ்காரர் ஹாரன் அடித்து மூன்று சோதனை வீணானது. அப்புறம், சும்மா நிற்கிற பிள்ளைகள் கைதட்டக் கூடாது என்று முன்பே சொல்லிவிடுங்கள். சோதனை சரியாக வந்தால் கைதட்டத்தான் செய்வார்கள், அதற்குள் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

*

"பாடப்புத்தகத்தில் உள்ள கியூஆர் கோடை ஸ்கேன் செய்தால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. எங்கள் ஊரில் டவர் அப்படி. அந்தக் கோடு வெறும் அலங்காரமா?"
— பெயர் வேண்டாம், கல்வராயன்மலை

அலங்காரம் இல்லை. 2018இல் புதிய பாடத்திட்டப் புத்தகங்கள் வந்தபோது இந்தக் கோடும் சேர்ந்து வந்தது. முந்தின வருடம் ஆசிரியர் தினத்தில் மத்திய அரசு தொடங்கிய தீக்‌ஷா செயலியோடு அது இணைந்திருந்தது. நிறைய நல்ல வீடியோக்கள் இருக்கின்றன, சில தூங்கவைப்பவையும் இருக்கின்றன.

பள்ளியில் ஸ்கேன் செய்யாதீர்கள். அது கிணறு இல்லாத இடத்தில் வாளியை இறக்குகிற கதை. சந்தைக்கோ பஸ் ஸ்டாண்டுக்கோ போகும் நாளில், டவர் கிடைக்கும் இடத்தில், வரப்போகிற இரண்டு வாரப் பாடத்துக்கு உள்ளதைச் செயலிக்குள்ளேயே தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் நெட் இல்லாமலே ஓடும். பள்ளியில் ஸ்மார்ட் டிவி இருந்தால் போன் திரையை அதில் பிரதிபலிக்கவும் பல டிவிகளுக்கு நெட் தேவையில்லை. டிவியே இல்லை, ஒலி மட்டும் போதும் என்றால் போனை எவர்சில்வர் சொம்புக்குள் நிறுத்திவையுங்கள். கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரிதான் இருக்கும், ஆனால் கடைசி பெஞ்சு வரை கேட்கும்.

கணக்கு எடுப்பவராக இருந்தால் வீடியோவைவிட, வடிவங்களை வரைந்து இழுத்துப் பார்க்கும் ஜியோஜீப்ரா என்ற கணக்குச் செயலியைத் தேடுங்கள். கணக்குப் புத்தகத்தில் 'இணையச் செயல்பாடு' என்று வருகிற பக்கங்களில் இருப்பது பெரும்பாலும் அதுதான். ஒரு தடவை போனில் ஏற்றிவிட்டால் நெட் இல்லாமல் வேலை செய்யும். முக்கோணத்தின் சுற்றுவட்ட மையத்தைக் கரும்பலகையில் நான் எத்தனையோ தடவை வரைந்திருக்கிறேன். ஆனால் ஒரு முனையை விரலால் இழுக்க இழுக்க, அந்தப் புள்ளி நகர்ந்து, செங்கோணம் ஆகும்போது சரியாகக் கர்ணத்தின் நடுவில் போய் உட்கார்ந்து, விரிகோணம் ஆனதும் முக்கோணத்தை விட்டே வெளியே ஓடுவதைச் சாக்பீஸால் காட்டவே முடியாது.

*

"நாங்கள் எல்லாம் கரும்பலகையும் சாக்பீஸும் வைத்து ஐ.ஏ.எஸ். அதிகாரிகளை உருவாக்கினோம். இந்த டப்பா எதற்கு?"
— ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், லால்குடி

ஐயாவுக்கு வணக்கம். உங்கள் வகுப்பில் உட்காரக் கொடுத்துவைக்கவில்லை. என் கரும்பலகை இன்னும் கறுப்பாகத்தான் இருக்கிறது. வாரத்தில் 28 பீரியட் என்றால் போன் வெளியே வருவது மூன்றில்தான். மிச்ச நேரம் அது மேஜை இழுப்பறையில் தூங்குகிறது.

*

"டீச்சர்கள் மட்டும் போன் கொண்டுவரலாம், நாங்கள் கொண்டுவரக் கூடாதா? இது எந்த ஊர் நியாயம்?"
— ஒன்பதாம் வகுப்பு மாணவன், கரூர்

நல்ல கேள்விதான் தம்பி. உனக்கு மட்டும் இந்தத் தடை என்று நினைத்துவிடாதே. பிரான்சில் 2018இல் சட்டமே போட்டு, ஏறக்குறைய உன் வயதுவரை உள்ள பிள்ளைகள் பள்ளியில் போனைத் தொடக் கூடாது என்றார்கள். ஆனால் யுனெஸ்கோ 2023இல் எண்ணிப் பார்த்தபோது, பள்ளியில் ஸ்மார்ட்போனுக்குத் தடை போட்ட நாடுகள் நான்கில் ஒரு பங்குகூட இல்லை. ஆக உலகமே இதில் இரண்டு மனசாகத்தான் இருந்திருக்கிறது.

நியாயம் என்னவென்றால், போனை எடுத்தால் நாம் எதற்காக எடுத்தோமோ அதில் நிற்பதில்லை. ஏசர் என்று கிராமப்புறப் பிள்ளைகளிடம் வீடு வீடாகப் போய் எடுக்கும் கணக்கெடுப்பு உண்டு. 2024இல் 14 முதல் 16 வயதுப் பிள்ளைகளைக் கேட்டார்கள். போனை இயக்கத் தெரிந்தவர்களில் முந்தின வாரம் படிப்புக்காகப் பயன்படுத்தியவர்கள் சுமார் 57 சதவீதம், சமூக வலைத்தளத்துக்காகச் சுமார் 76. நீ எந்தப் பக்கம் என்று நான் கேட்கமாட்டேன்.

பெரியவர்கள் மட்டும் யோக்கியமா என்றால், இல்லை. ஒருநாள் என் போன் திரையை டிவியில் காட்டி ஒளிச்சேர்க்கை நடத்திக்கொண்டிருந்தேன். இலை, சூரியன், கார்பன் டை ஆக்சைடு எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போது மேலேயிருந்து என் அக்காவின் மெசேஜ் இறங்கியது. "உன் நாத்தனார் மறுபடி ஆரம்பிச்சுட்டா." 32 அங்குல டிவியில். வகுப்பு சிரித்து முடிக்க ஐந்து நிமிஷம் ஆனது. இப்போதெல்லாம் வகுப்புக்குள் போகுமுன் போனைத் தொந்தரவு செய்யாதே நிலைக்கு மாற்றிவிடுகிறேன். நெட் தேவையில்லை என்றால் விமான நிலை. என் போன் நான் சொல்வதைக் கேட்பதற்கே இவ்வளவு ஏற்பாடு வேண்டியிருக்கிறது. 34 போன் என்றால் நான் பாடம் நடத்தமாட்டேன், போன்களைத்தான் மேய்ப்பேன்.

உன் டீச்சர் வகுப்பில் போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தால் அது தப்புதான். அதை நீ மரியாதையாகச் சொல்லலாம்.

*

"என் மகனுக்குக் காது சரியாகக் கேட்காது. மெஷின் போட்டிருக்கிறான். எட்டாம் வகுப்பு. டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பிவிட்டால் அவனுக்குப் பாடம் போய்விடுகிறது. பேசுவதை எழுத்தாகக் காட்டும் செயலி இருக்கிறதாமே?"
— ஒரு தாய், ராசிபுரம்

இருக்கிறது அம்மா. லைவ் டிரான்ஸ்கிரைப் என்று பெயர். காது கேளாதோருக்கென்றே அமெரிக்காவில் நடக்கும் கேலடெட் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து கூகுள் செய்தது, 2019இல் வந்தது. ஆண்ட்ராய்டு போனில் இலவசம், தமிழும் உண்டு. டீச்சர் பேசப் பேச எழுத்தாக ஓடும்.

ஆனால் எதிர்பார்ப்பைக் கொஞ்சம் அளவாக வைத்துக்கொள்ளுங்கள். போனை மகன் மேஜையில் வைத்தால் பக்கத்தில் இருப்பவன் பென்சில் கேட்பதைத்தான் அது எழுதும். டீச்சர் வாய்ப் பக்கத்தில் மைக் இருக்க வேண்டும். சட்டையில் குத்தும் சின்ன மைக்குகள் இப்போது சுலபமாகக் கிடைக்கின்றன. அப்புறம் நம் பேச்சுத் தமிழை அது பிடிக்கத் திணறும். நான் சோதித்துப் பார்க்க, "என்னடா பண்ணிக்கிட்டு இருக்கீங்க அங்க" என்று சத்தம் போட்டேன். அது ஒரு புதுக்கவிதையே எழுதியிருந்தது. நிறுத்தி நிதானமாக, கொஞ்சம் புத்தகத் தமிழில் பேசினால் நன்றாகவே எழுதுகிறது. சொன்னால் நம்பமாட்டீர்கள், அப்படி நிதானமாகப் பேசிய அன்று மற்றப் பிள்ளைகளுக்கும் பாடம் நன்றாகப் புரிந்தது.

செயலிக்கு முன்னால் ஒன்று கேளுங்கள். அவன் முதல் பெஞ்சில், டீச்சர் முகம் தெரிகிற இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறானா? பலகையைப் பார்த்துக்கொண்டு பேசாமல், எழுதி முடித்துத் திரும்பிப் பேசச் சொன்னீர்களா? பள்ளியில் போனுக்குத் தடை இருந்தால், இது அவனுக்குக் கண்ணாடி மாதிரி ஓர் உதவிக் கருவி என்று எழுதி ஹெச்.எம்.மிடம் கொடுத்து அனுமதி வாங்குங்கள். மருத்துவச் சான்றின் நகலையும் சேர்த்து வையுங்கள்.

*

"பிள்ளைகளோடு நான் பாட்டுப் பாடிப் பாடம் நடத்தும் ரீல்ஸ் நன்றாகப் போகிறது. சக ஆசிரியர்கள் பொறாமையில் குறை சொல்கிறார்கள். தொடரலாமா?"
— இளம் ஆசிரியர், ஊர் பெயர் போடவில்லை

பாடுங்கள். பிள்ளைகள் முகத்தை ஏற்றாதீர்கள். 2023இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் தரவுக்குப் பெற்றோர் சம்மதம் கேட்கிறது. சட்டத்தை விடுங்கள். தப்பாகப் பதில் சொல்லி விழித்த ஒரு பிள்ளையின் முகம் லட்சம் பேர் போனில் போய்விட்டால், அந்தப் பிள்ளை இனி கை தூக்குமா தம்பி? கேமராவை உங்கள் பக்கம் திருப்பிக்கொள்ளுங்கள். அப்போதும் லைக் வருகிறதா என்று பார்ப்போம்.

*

"டீச்சர், டிவி ரிமோட்டை அமுக்கினா வெளிச்சம் வரும், ஆனா கண்ணுக்குத் தெரியாதுன்னு சொன்னாங்க. தெரியாத வெளிச்சத்தை எப்படி நம்புறது?"
— ஏழாம் வகுப்பு மாணவி, பொன்னமராவதி

நம்பாதே கண்ணு. பார்த்துவிட்டு நம்பு. ராத்திரி அம்மா போனை வாங்கி, கேமராவைத் திறந்து, ரிமோட்டின் முன்பக்கத்துச் சின்னக் குமிழை அதற்கு நேராகக் காட்டி ஒரு பட்டனை அமுக்கு. குமிழை நேரே பார்த்தால் உனக்கு ஒன்றும் தெரியாது. போன் திரையில் பார்த்தால் ஊதா கலந்த வெள்ளையில் மினுக்மினுக்கென்று அடிக்கும். அது அகச்சிவப்புக் கதிர். நம் கண்ணுக்குப் பிடிபடாத அலைநீளம், கேமராவுக்குள் இருக்கும் சில்லுக்குப் பிடிபடுகிறது.

பின்பக்கக் கேமராவில் தெரியவில்லை என்றால் செல்ஃபி கேமராவில் பார். பல போன்களில் பின்பக்கம் இந்தக் கதிரைத் தடுக்க ஒரு வடிகட்டி வைத்திருப்பார்கள், முன்பக்கத்தில் அது அவ்வளவு கெட்டியாக இருக்காது. உன் தெருவில் நான்கைந்து வீட்டுப் போனில் பார்த்து, எதில் தெரிந்தது, எதில் தெரியவில்லை, முன்பக்கமா பின்பக்கமா என்று நோட்டில் ஓர் அட்டவணை போடு. போட்டு எனக்கு அனுப்பு. என் விரிசல் விழுந்த போனில் இரண்டு பக்கமும் தெரிகிறது.